தலையணை வைக்கக் கூடாது

கண்ணாடி மூடி மறுபடியும் முட்டிக்கொண்டு நின்றது.

"கால்தான்மா இடிக்குது," என்றான் சீனு. செங்கல்பட்டிலிருந்து வேனில் ஐஸ் பெட்டி கொண்டுவந்தவன். "கொஞ்சம் நீட்டி வுட்டா மூடிக்கும்."

வச்சலாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தக் கொஞ்சத்தை நீட்டத்தானே அவள் ஆடி மாதத்திலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். பெட்டிக்குள் அவளுடைய நைனா ஜம்புலிங்கம் வலது முழங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். விடியற்காலையில் டீ டம்ளரைக் கையில் வாங்கும்போதே மாரடைப்பு. செத்தும் அந்தக் காலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை மனுஷன்.

தம்பி லோகு மங்களூரில் விசைப்படகு வேலையில் இருந்தான். தகவல் போய்விட்டது, பஸ் பிடித்து நாளைக் காலையில்தான் புதுப்பட்டினம் வந்து சேருவான். நைனாவின் முகத்தைக் காட்டாமல் எடுத்தால் ஜென்மத்துக்கும் பேச மாட்டான். அதுவரை உடம்பு தாங்க வேண்டும். உடம்பு தாங்கப் பெட்டி மூட வேண்டும். பெட்டி மூட இந்தக் கால் நீள வேண்டும்.

கரையேற்றும்போது படகு சரிந்து உடைந்த கால் அது. மாவுக்கட்டு பிரித்த பிறகும் முட்டி நீளவில்லை. கடைத்தெருவில் பிசியோதெரபி பார்க்கும் ஷபானாவிடம் ஆட்டோவில் கூட்டிப்போனாள். கொஞ்ச நாளில், அந்தப் பொம்பளை கையில் இரும்பு வச்சிருக்கா, வரமாட்டேன் என்று அவர் படுத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் ஷபானா வச்சலாவுக்கே கற்றுக்கொடுத்தாள். வெந்நீர்த் துண்டு போட வேண்டும். முட்டிச் சில்லை மேலும் கீழும் மெல்ல நகர்த்த வேண்டும். பிறகு குதிகாலை மடியில் ஏந்திக்கொண்டு தொடைப் பக்கம் கையை வைத்து அழுத்த வேண்டும்.

"முட்டியப் பாக்காதீங்க, மொகத்தப் பாருங்க," என்பாள் ஷபானா. "மூஞ்சி சுருங்குதா, அங்க நிறுத்திடணும். அப்புறம் ஒண்ணு, முட்டிக்கு அடியில தலகாணி மட்டும் வைக்கவே கூடாது. சொகமா இருக்கும், ஆனா மடங்குனாப்லயே இறுகிடும்."

அழுத்துவதற்கு முன்பே கத்த ஆரம்பித்துவிடுவார் நைனா. "உட்றீ கய்த! கொல்றாளே, பெத்த பொண்ணே கொல்றாளே!" மீன் கூடையோடு போகிற பெண்கள் வாசலில் நின்றுவிடுவார்கள். வயசானவரைப் போட்டு ஏன் இப்படி வதைக்கிறாய் என்று தெருவே அவளைக் கேட்டது. கக்கூஸுக்கு அவரைத் தோளில் தாங்கிக் கூட்டிப்போகிறவள் அவள் ஒருத்திதான் என்பது மட்டும் தெருவுக்குத் தெரியாது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவள் மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும் அத்தை சாரதாம்பாள் வந்துவிடுவாள், அண்ணனுக்குக் காவலாக. சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை இருக்கும். காலையில் உயிரைக் கொடுத்து நீட்டியதெல்லாம் சாயங்காலம் பழையபடி மடங்கிக் கிடக்கும். வீட்டிலுள்ள தலையணைகளை ஒளித்து வைத்தாள். அத்தை தன் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்தாள். அதையும் பிடுங்கி வைத்ததும், அத்தை புடவையைச் சுருட்டி வைத்தாள்.

"வலிக்குதுன்னு அழுவறான்டி. நான் இன்னா பண்ணட்டும்?"

"அவுரு நடக்கவே வேணாமா அத்த?"

"நடப்பான், நடப்பான். மொதல்ல தூங்கட்டும்."

இருவரும் சேர்ந்து அவளைப் பைத்தியமாக்கினார்கள்.

இப்போது ஊர்ப் பெரியவர் செங்கல்வராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ரெண்டு பேரு தொடயப் புட்சிக்குங்கடா. நான் முட்டி மேல ஒரு அழுத்து அழுத்தறேன். மடக்குனு நீண்டுக்கும்."

"யாரும் தொடாதீங்க மாமா," என்றாள் வச்சலா. "நானே பண்றேன்."

அவரைப் பெட்டியிலிருந்து தூக்கிப் பாயில் கிடத்தினார்கள். அவள் வெந்நீர் கேட்டபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. துண்டை நனைத்துப் பிழிந்து முட்டியைச் சுற்றிப் போட்டாள். வழக்கம்போலக் குதிகாலை மடியில் வைத்துக்கொண்டாள். முட்டிச் சில்லு நகரவில்லை. தொடை மேல் கையை வைத்து மெதுவாக அழுத்தினாள். கால் லேசாக இறங்கியது.

"ஆங், வருது பாரு," என்றார் செங்கல்வராயன். "இன்னும் அமுக்கு."

வாசலில் நின்ற பெண்களும் அமுக்கு, அமுக்கு என்றார்கள். இத்தனை மாதங்களாக அவளைத் திட்டிய தெரு இன்று அவள் கட்சிக்கு வந்துவிட்டது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். உள்ளே ஏதோ நெறுநெறுத்தது. சட்டென்று முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சேர்த்துக் கட்டிய துணிக்குள் நைனாவின் முகம் அப்படியே இருந்தது. சுருங்கவில்லை. இன்னும் அழுத்தினாலும் சுருங்காது. எலும்பே முறிந்தாலும் சுருங்காது. கய்த என்று ஒரு தடவை திட்டித் தொலைத்தால் போதும், நிறுத்திவிடுவாள்.

அவள் கையை எடுத்துவிட்டாள்.

"இன்னாமே? வர்ற நேரத்துல உட்டுட்ட?"

"எங்க நிறுத்தறதுன்னு தெர்ல மாமா."

வச்சலா மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். "சீனு, பொட்டிய எட்துனு போயிடு."

"லோகு வர்ற வரிக்கும் ஒடம்பு தாங்க வேணாமா?" என்று குரலை உயர்த்தினார் செங்கல்வராயன்.

"ஐஸுக்கா பஞ்சம் இந்த ஊர்ல? வஞ்சிரத்த வச்சி வச்சி விக்கறீங்க, எங்க நைனாவ ஒரு ராத்திரி வைக்கத் தெரியாதா? ஐஸ் கம்பெனிலருந்து பார் எட்துனு வந்து ஒடச்சிப் போடுங்க. காலு அப்டியே இருக்கட்டும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஆள் அனுப்பினார். தார்ப்பாய் விரித்து, ஐஸ் பாரை உடைத்துக் கொட்டி, மேலே உமியும் பாயும் போட்டு நைனாவைப் படுக்க வைத்தார்கள். மடங்கிய கால் அந்தரத்தில் நின்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அத்த, தலகாணி எங்க?"

சாரதாம்பாள் திடுக்கிட்டாள். "நான் ஒண்ணும் எட்தாரலடி."

"பொய் சொல்லாத. எங்க வச்சிகினுகீற?"

அத்தை அழுதுகொண்டே போய் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள். வச்சலா அதை வாங்கி முழங்காலுக்கு அடியில் வைத்தாள். கால் சாய்வது நின்றது.

சாயங்காலத்துக்குள் ஐஸ் கரைந்து தலையணை ஊறிப்போனது. புது ஐஸ் கொட்டினார்கள். வச்சலா உள்ளே போய்த் தன்னுடைய தலையணையை எடுத்துவந்தாள். ஈரத் தலையணையை உருவும்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஷபானா உள்ளே வந்தாள், கையில் மாலையோடு. மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்தவளின் கண் நேரே முட்டிக்குப் போனது. பிறகு வச்சலாவின் கையிலிருந்த தலையணைக்கு.

"வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க," என்றாள் வச்சலா. குரல் சண்டைக்குப் போவது போல இருந்தது.

ஷபானா பக்கத்தில் உட்கார்ந்து, குதிகாலுக்கு அடியில் ஒரு கையும் தொடைக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து, காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வச்சலா தலையணையை உள்ளே தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றாள் ஷபானா.