ஆயுதபூஜையன்று ஓடிய தூக்குவண்டி

மேசைக்குப் பின்னால் மானேஜர் நாராயணசாமி. அவருக்கு வலப்புறம், மதராஸிலிருந்து வந்திருந்த வக்கீல் சீனிவாசராகவன். ஜன்னலோரம் மேஸ்திரி ஓஸ்வால்ட். கதவருகே ஸ்டூலில் ஃபிட்டர் ஜெயவேலு. 1959 மார்ச் மாதம், ஓசூர் ரோடு தொழிற்சாலையில் கூடியவர்கள் இவ்வளவு பேர்தான்.

தூக்குவண்டியில் எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் சுமைத்தட்டு கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும் கொக்கி ஒன்றை ஜெயவேலு கண்டுபிடித்திருந்தான். போன வருஷம் ஜனவரியில் கம்பெனி அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. கண்டுபிடித்தவர் என்று அவன் பெயரே இருந்தது. இப்போது பம்பாய்க் கம்பெனி ஒன்று ஆட்சேபம் கிளப்பியிருந்தது.

விண்ணப்பத்துக்கு முன்னால் வெளியார் எவரேனும் அந்த வண்டி வேலை செய்வதைப் பார்த்திருந்தால் காப்புரிமை நிற்காது என்றார் வக்கீல். விண்ணப்பத்துக்கு முந்தின ஆயுதபூஜைக்கு ஊர்ஜனம் உள்ளே வந்திருக்குமே என்று கேட்டார். அன்று மெஷின்களுக்கு ஓய்வு, ஒன்றும் ஓடாது என்று மானேஜர் அடித்துச் சொன்னார். சரி, அவரவர் அறிந்ததை எழுதித் தபாலில் தனக்கே அனுப்பும்படி சொல்லிவிட்டு வக்கீல் எழுந்தார்.

வெளியே வந்ததும் ஓஸ்வால்ட் ஜெயவேலுவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"பூஜையன்னிக்கு வண்டில கொழந்தைங்கள ஏத்தி எறக்குனது ஒரு வெளையாட்டுப்பா. அத போயி எழுதிக்கினு இருக்காத. உம்பேரு அச்சுல வரப்போவுது."

"ஒங்க பொண்ணு ரெண்டு தபா ஏறுச்சே, மேஸ்திரி. எறங்கமாட்டேன்னு அழுதுச்சு."

"நாலு வயசு அதுக்கு. அதயா சாட்சிக்கு இஸ்துகினு போவப்போறாங்க?"

ஞாயிற்றுக்கிழமை, நீலசந்திராவில் தன் வாடகை அறையில் ஜெயவேலு காகிதத்தை எடுத்தான். தங்கவயலிலிருந்து வந்து ஆறு வருஷமாகியும் அந்த அறைக்கு அவனைத் தேடி வந்தவர் எவருமில்லை. அந்த ஆயுதபூஜைக்கும் அவன் தனியாகத்தான் போயிருந்தான். அதிகாரிகள் பொரிகடலை வாங்கிக்கொண்டு கிளம்பிய பின், சும்மா நின்ற பிள்ளைகளைத் தட்டில் ஏற்றித் தூக்கினான். மேஸ்திரி மனைவி பிரிஜெட் கைதட்டினாள். எதிர்க்கடைக்காரர்கூட வந்து, விழாதா என்று கேட்டார். கொக்கியைக் காட்டி விளக்கினான். "மாமா, இன்னொரு வாட்டி" என்று பிள்ளைகள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தன. இந்த ஊரில் அவனை யாரும் மாமா என்று கூப்பிட்டது அன்று மட்டும்தான்.

'வெளியார் எவரும் பார்க்கவில்லை' என்று தொடங்கினான். பேனா நின்றுவிட்டது. அப்படி எழுதினால் அந்த நாளே நடக்கவில்லை என்றாகும். தாளைக் கிழித்தான். வேறு தாளில் தேதியிட்டு, வரிசையாக எண் போட்டு, வண்டியை ஓட்டியது தானே என்றும், ஏறிய பிள்ளைகள் பதினொருவர் என்றும், கடைக்காரர் கேட்டதையும் தான் காட்டியதையும் எழுதினான். காப்புரிமை போய்விடும், அவன் பெயரும் அச்சில் வராது. விஷயம் தெரிந்த பின் ஓஸ்வால்ட் முகம் கொடுத்துப் பேசுவாரோ என்னவோ.

மறுநாள் ஷிப்டுக்கு முன் தபாலாபீசில் உறையின் மேல் அரக்கை உருக்கி முத்திரை வைத்து, ரிஜிஸ்தர் தபால் ஜன்னலுக்குள் நீட்டினான்.