தாமதம்: பூஜ்யம்

தாமதமே மனித குலத்தின் முதல் எதிரி, அதை வென்றவன் காலத்தையே வென்றவன் என்று பேராசிரியர் தம்பிதுரை மேடையில் முழங்கினார். விழா தொடங்க வேண்டிய நேரம் போய் அப்போது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. கல்லூரியின் கரஸ்பாண்டென்டும் மில் முதலாளியுமான லட்சுமணசாமி அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பந்தியில் உட்கார்ந்துவிட்டார். பந்தியிலிருந்து ஒரு மில் முதலாளியை எழுப்பும் தொழில்நுட்பத்தை 1997 வரை பீளமேட்டில் யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

மேடையோரத்தில், தான் செய்த பெட்டியின் பக்கத்தில் தெய்வாத்தாள் நின்றிருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் துறையில் தற்காலிக விரிவுரையாளர், தம்பிதுரையிடம்தான் ஆராய்ச்சியும். மொட்டை மாடியில் அவள் இரண்டு ஆன்டெனாக்கள் வைத்திருந்தாள். ஒன்று கல்லூரி கேட்டைப் பார்த்தது, மற்றது ஹாஸ்டலை. டார்ச் அடிப்பதுபோல ஒவ்வொன்றும் ஒரு பக்கம்தான் அலையை வீசும். அதற்குப் பெயர் பீம். வயர்லெஸ் வைத்த வண்டி ஒரு பீமிலிருந்து அடுத்ததற்குள் நுழையும்போது, மாற்றிக்கொடுக்க ஆகிற நேரத்தில் பேச்சு அறுந்து பாதி வார்த்தை காற்றோடு போய்விடும். முதல் பீம் மங்கத் தொடங்கும்போதே அடுத்ததை எழுப்பித் தயாராக வைத்துவிட்டால் என்ன என்பதுதான் அவளுடைய யோசனை. பந்தியில் ஒருவர் மோர்ச்சோற்றுக்கு வந்ததுமே அவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நிற்பதில்லையா, அதைப்போல. இந்த உவமையை அவள் முதன்முதலில் சொன்னபோது தம்பிதுரை முகம் சுளித்தார். இன்று மேடையில் அதையே, தன் மச்சினன் கல்யாணத்தில் தனக்குத் தோன்றியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பீம் மாறியும் பேச்சு அறுபடவில்லை என்பது நாலு பேர் முன்னால் நிரூபணமாகிவிட்டால் வேலையை நிரந்தரமாக்கச் சொல்வதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக் கொடுப்பதில் மட்டும் அவரிடம் தாமதமே கிடையாது.

சோதனை எளிமையானது. வெளியே முதலாளியின் கான்டெஸா காரில் ஒரு வயர்லெஸ் செட். டிரைவர் பங்காரு கேட்டிலிருந்து ஹாஸ்டல் வரைக்கும் ஓட்டிக்கொண்டே பேச வேண்டும். முதலாளி மேடையிலிருந்து பேசுவார். பெட்டியில் பச்சை பல்பு எரிந்தால் முதல் பீம், சிவப்பு எரிந்தால் இரண்டாவது.

ஒருவழியாக வந்து சேர்ந்திருந்த முதலாளி மைக்கை வாங்கினார். "ஏம்ப்பா பங்காரு, கேக்குதா?"

"நல்லா கேக்குதுங்க மொதலாளி."

அரங்கமே கை தட்டியது. முதலாளிக்கு உற்சாகம் பிறந்து, டயருக்குக் காற்று அடித்தாயிற்றா, சம்சாரத்துக்கு மூட்டுவலி தேவலையா என்று விசாரித்துக்கொண்டே போனார். பங்காருவும் கணீரென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தெய்வாத்தாள் மட்டும் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி ஹாஸ்டலைத் தொட்டிருக்க வேண்டிய நேரத்திலும் பச்சைதான் எரிந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கேட்டை ஒட்டிய புளியமரத்தடியில் கார் கதவு திறந்து கிடந்தது. வெளியே பங்காரு, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மைக்கின் சுருள் வயரை இழுத்துப் பிடித்தபடி குனிந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். முதலாளி பேசும்போது உட்கார்ந்திருந்து அவருக்குப் பழக்கமில்லை.

தனக்குப் பொன்னாடை போர்த்தும்போது தம்பிதுரை, பேச்சு ஓர் இடத்திலாவது அறுபட்டதா என்று சபையைக் கேட்டார். சபை இல்லை என்றது. அவர் மேடையை விட்டு இறங்கியதும் தெய்வாத்தாள் ஓடிப்போய், வண்டி நகரவே இல்லை, பீம் மாறவே இல்லை என்றாள்.

"பேச்சு அறுந்துச்சா?"

"இல்லீங்க சார்."

"அப்பறம்? தாமதம் பூஜ்யம். பூஜ்யத்துக்குங் கீழ கொறைக்க ஒன்னால ஆகுமா கண்ணு?"

மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்குள் பொங்கியது. நேராக முதலாளியிடம் போனாள். நடந்தது சோதனையே இல்லை, பங்காரு அண்ணன் நிற்காமல் ஓட்டிக்கொண்டே இன்னொரு தடவை பேசட்டும் என்றாள். பொன்னாடைகள் எல்லாம் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பின.

லட்சுமணசாமி சிரித்தார். அந்த ஊரில் மரியாதை கூடக்கூடத்தான் பயப்பட வேண்டும். "அப்படீங்களா அம்மணி. நம்ம புரொபசரு பொய் சொல்லிப்போட்டாருங்கறீங்களா?"

"ஓட்டிப் பாத்தா தெரிஞ்சுபோகுமுங்க ஐயா. பேச்சு அறுந்துச்சுன்னா நாளையிலிருந்து நான் வேலைக்கு வரலீங்க."

முதலாளி பங்காருவைக் கூப்பிட்டார். உட்கார்ந்தே பேசலாம், தான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்றார். பங்காரு தூக்குத் தண்டனை கேட்டவர்போலத் தலையாட்டிவிட்டுப் போனார். கிளம்பிய கூட்டம் மறுபடியும் உட்கார்ந்தது. தம்பிதுரை பொன்னாடையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தெய்வாத்தாள் அதைப் பார்த்தாள். அவளுக்கு அது இனித்தது.

கார் நகர்ந்தது. "ஒக்காந்துட்டேதானுங்க பேசறேன், மொதலாளி மன்னிச்சுக்கோணும்" என்று ஒலிபெருக்கியில் பங்காருவின் குரல் கூசியபடி வந்தது. வண்டி புளியமரத்தைத் தாண்டி, கேன்டீனைத் தாண்டியது. ஹாஸ்டல் பாதையில் திரும்புகிற இடத்தில் பச்சை அணைந்த அதே கணம் சிவப்பு எரிந்தது. மூன்று வருடமாகக் கனவில் கண்டபடியே, இம்மியும் தாமதமில்லாமல்.

"நாஞ் சொல்ல வந்தது என்னன்னாங்க" என்று பச்சை அணைவதற்குச் சற்று முன்புதான் பங்காரு தொடங்கியிருந்தார்.

அதோடு சரி. ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. வெளியே கார் பாட்டுக்கு ஹாஸ்டலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முதலாளி மைக்கைத் தட்டிப் பார்த்தார். தம்பிதுரை பொன்னாடையை உதறி மறுபடியும் போர்த்திக்கொண்டார். தெய்வாத்தாள் யார் முகத்தையும் பார்க்காமல் மாடிப்படி ஏறினாள்.

ஹாஸ்டலைப் பார்த்த ஆன்டெனாவின் கேபிள் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பதற்காக அவள்தான் கழற்றியிருந்தாள்.