லைனில் இருங்கள்

எங்கள் இயக்குநருக்கு அலுவலகத்தில் 'நம்மதில்ல' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை அவர் அறைக் கதவில் மாட்டிய பலகையில் பார்ப்பதோடு சரி. அவசர அழைப்பு மையத்துக்கு அவர் வந்த நாளிலிருந்து, எந்த அழைப்பு வந்தாலும் அதை யார் தலையில் கட்டலாம் என்பதைத்தான் முதலில் பார்ப்பார். தீ என்றால் தீயணைப்புத் துறை, மரம் விழுந்தால் மின்சாரத் துறை, வெள்ளம் என்றால் பேரிடர்த் துறை. "இது நம்மது இல்ல, மாத்தி விடு" என்று வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொல்வார். எங்கள் மேசைப் போன்களில் எல்லாப் பட்டன்களிலும் எழுத்து இருக்கும், அழைப்பை வேறு துறைக்குத் தள்ளிவிடும் மாற்று பட்டனில் மட்டும் தேய்ந்து போயிருக்கும். அவரை நல்ல மனிதர் என்று சொல்பவர்களும் உண்டு. நான் சொல்ல மாட்டேன். என் அத்தானைக் கொன்றவர் அவர்.

கத்தியெல்லாம் எடுக்கவில்லை. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஊருக்குள் வெள்ளம் வந்தது. அக்கா வீடு தரைத்தளம். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது பீரோ சரிந்து அத்தானின் கால்மேல் விழுந்துவிட்டது. அக்கா தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. மைய எண்ணுக்குப் போன் செய்தாள். வெள்ளம் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததுமே மாற்றிவிட்டார்கள். மாற்றிய அழைப்பு அடுத்த ஆள் எடுக்கும்வரை ஒரு பாட்டு ஓடும், புல்லாங்குழலில் இழுத்து இழுத்து. அக்கா தண்ணீரில் நின்றுகொண்டு அதைக் கேட்டாள். யாரும் எடுக்காததால் வைத்துவிட்டு மறுபடி அடித்தாள். வேறொரு ஆள், மறுபடி விலாசம், மறுபடி பாட்டு. மூன்று முறை. பேரிடர்த் துறைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களையெல்லாம் வெளியே வேலைக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள், போன் காலி அறையில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளி, பள்ளி மைதானத்தில், மீட்புப் படகுகள் சும்மா கிடந்தன.

அந்த வாரம் நான் ஊரில் இல்லை. பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். 'அழைப்பவரிடம் கனிவாகப் பேசுவது எப்படி' என்று. சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பிறகு விசாரணை. மாற்றிய அழைப்பை அவர்கள் பதிவு செய்வார்கள் என்று நாங்களும், நாங்கள் செய்வோம் என்று அவர்களும் இருந்ததால் பதிவே இல்லை. 'நம்மதில்ல' அறிக்கை எழுதிக் கொடுத்தார். நன்றாகப் பூசி மெழுகிய அறிக்கை. அதில் ஒரே ஒரு வரி மட்டும் எனக்கு மனப்பாடம்: அழைத்தவர் விலாசத்தைத் தெளிவாகக் கூறவில்லை.

அத்தானைத் தண்ணீர் கொண்டுபோனது என்றால், அக்காவை அந்த வரி கொண்டுபோனது. அவள் மாமியார் துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார், "விலாசம்கூட ஒழுங்கா சொல்லத் தெரியலையே இவளுக்கு, என் பிள்ளை போயிட்டானே." அதற்கப்புறம் அக்காவுக்கு யார் போன் செய்தாலும், நான் செய்தாலும்கூட, முதலில் விலாசத்தைச் சொல்லிவிட்டுத்தான் என்ன ஏது என்று கேட்பாள். மாமியார் போன் செய்தால் மட்டும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள், பயம்.

அந்த வெள்ளத்தைக் காரணம் காட்டித்தான் அரசாங்கம் துறைகளைக் கலைத்து அடுக்கியது. அழைப்பு மையம், பேரிடர்த் துறை, மீட்புப் படை எல்லாம் இனி ஒரே முகமை, ஒரே கூரை, ஒரே எண். அழைப்பை எடுத்தவர்தான் கடைசிவரை பொறுப்பு, மாற்றுவது என்ற பேச்சே கிடையாது. விசாரணைக் குழுத் தலைவியாக இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி எழுதிய பரிந்துரை அது, நல்ல பரிந்துரை. ஆனால் புதிய முகமைக்குத் தலைவராக யாரைப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. சாட்சாத் 'நம்மதில்ல'தான்.

தொடக்க விழாவில் முதல் அழைப்பை அவர் கையால் எடுக்க வேண்டும், அமைச்சரும் விசாரணைக் குழுத் தலைவியும் பத்திரிகைக்காரர்களும் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. நிஜ அழைப்பு இல்லை, ஒத்திகை அழைப்பு. வரவேற்பறைப் பெண் பக்கத்துக் கட்டடத்திலிருந்து போன் செய்து அடுப்பில் தீப்பிடித்துவிட்டது என்பாள், இவர் அழகாக நாலு கேள்வி கேட்டு வண்டியை அனுப்புவார். அதை நடத்தும் பொறுப்பு மேற்பார்வையாளர் என்ற முறையில் என்னிடம் வந்தது. கும்பிடப் போன சாமி குறுக்கே வந்தது என்பார்களே, அப்படி வந்தது.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். பெயின்ட் கடையில் பில் போடும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். விரலில் நீலச்சாயம் காயாமல் இருந்தது. வரவேற்பறைப் பெண்ணுக்குப் பதிலாக அவள் போன் செய்ய வேண்டும் என்று சொன்னேன்.

"நான் என்ன பேசணும்?"

"அன்னைக்கு என்ன பேசினியோ அதையே பேசு. ஒரு வார்த்தை கூட்டாத, குறைக்காத."

"ஒருவேளை அவரு சரியா எடுத்துப் பேசிட்டாருன்னா?"

"நம்ம மூக்குதான் உடையும். ஆனா பேச மாட்டாரு. இருபது வருஷப் பழக்கம், ஒரு விழாவுல போயிடுமா?"

அக்கா விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்தப் பாட்டு வருமா?" என்றாள்.

"வராது. அவரு மாத்தின உடனே என் மேசைல இருந்து கட் பண்ணிடுவேன். அவரு 'நம்மது இல்ல'ன்னு சொல்றது எல்லார் காதுலயும் விழுந்தா போதும்."

"பாட்டு வரக்கூடாதுடி. அது மட்டும்தான்."

"வராதுன்னு சொல்றேன்ல."

மாற்று பட்டனை எல்லாப் போன்களிலும் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்று உத்தரவு. அதைச் செய்துகொண்டிருந்தவன் எங்கள் தொழில்நுட்ப ஆள். எப்போதும் கழுத்தில் ஒரு சுருள் கம்பி தொங்குவதால் அவனுக்கு ஒயர் என்று பெயர். முதல் மேசைக்கு அவன் வந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இத மட்டும் விட்டுடு. விழா முடிஞ்சு எடுத்துக்கலாம்."

"இதுலதான மேடம் சாரே உக்காரப் போறாரு?"

"ஆமா."

ஒயர் என்னை ஒருமுறை பார்த்தான். "மேல பேரிடர்த் துறையோட பழைய கட்டுப்பாட்டு அறை போனும் இன்னும் உயிரோடதான் இருக்கு. துண்டிக்கிறது எங்க வேலைன்னு நாங்களும் நினைக்கல, அவங்களும் நினைக்கல. சொல்லி வைக்கிறேன்" என்றான். கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் டீ குடிக்கப் போறேன்" என்று போய்விட்டான். அவனுக்கும் 'நம்மதில்ல' மேல் ஏதோ பழைய கணக்கு இருந்திருக்க வேண்டும். இல்லாத ஆள் அங்கே யார்.

விழாவன்று அரங்கில் புதுப் பெயின்ட் வாடை. முன்வரிசையில் அமைச்சர், பக்கத்தில் தலைவி, பின்னால் கேமராக்கள். 'நம்மதில்ல' புதுச் சட்டையில், முடிக்குச் சாயம் பூசி, மாப்பிள்ளை மாதிரி முதல் மேசையில் உட்கார்ந்தார். வரவேற்பறைப் பெண்ணை நான் ஜெராக்ஸ் எடுக்க அனுப்பிவிட்டிருந்தேன். போன் அடித்தது.

"வணக்கம், அவசர உதவி முகமை. சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன உதவி வேணும்?" தேன் ஒழுகியது.

"சார், பழைய மாவு மில்லுக்குப் பின்னாடி ரெண்டாவது சந்து. பச்சை கேட் போட்ட வீடு, தரைத்தளம். வாசல்ல தண்ணித் தொட்டி இருக்கும்." அக்காவின் குரல் ஒலிபெருக்கியில் கணீரென்று வந்தது. அவள் குரல் இவ்வளவு தெளிவானது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரிம்மா, பதட்டப்படாதீங்க. சமையலறைல தீ பரவிடுச்சா?"

"தீ இல்ல சார். வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு. எங்க வீட்டுக்காரர் கால்ல பீரோ விழுந்துருச்சு. என்னால தூக்க முடியல. தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என்னைத் தேடினார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளமாம்மா?"

"ஆமா சார். ஒரு ஆள் வந்தாப் போதும் சார், தூக்கிடலாம்."

அவர் நெற்றியில் வேர்வை வந்தது. அரங்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது, தாளில் பதில் இல்லை. மனிதனுக்கு அப்படி ஒரு நேரத்தில் உடம்பில் ஊறியது எதுவோ அதுதான் வெளியே வரும். "வெள்ளம் நம்மது இல்லம்மா, அந்தத் துறைக்கு மாத்தி விடறேன், லைன்ல இருங்க" என்றார். பார்க்காமலே விரல் அந்தத் தேய்ந்த பட்டனுக்குப் போனது. அழுத்திவிட்டு, பாரம் இறங்கின மாதிரி நாற்காலியில் சாய்ந்தார்.

புல்லாங்குழல் அரங்கம் முழுக்க வந்தது.

அந்தத் துறையே இல்லை, அதைக் கலைத்ததைக் கொண்டாடத்தான் கூடியிருக்கிறோம் என்பது அவருக்கு உடனே உறைக்கவில்லை. மற்றவர்களுக்கு உறைத்தது. பின்வரிசையில் யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள். அப்புறம் தலைக்கு மேலே, பூட்டிக் கிடந்த பழைய அறையில், போன் அடிப்பது கேட்டது.

"மேல யாரு இருக்காங்க?" என்று அமைச்சர் கேட்டார்.

"யாரும் இல்லைங்க" என்றேன் நான்.

"அப்போ அத யாரு எடுப்பாங்க?"

"யாரும் எடுக்க மாட்டாங்கங்க. அன்னைக்கும் எடுக்கல."

என் விரல் துண்டிக்கும் பட்டன்மேல் இருந்தது. அழுத்தவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவர் முகம் வெளிறுவதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. காது மடல் சிவந்தது, சாயம் வேர்வையில் கரைந்து கிருதாவில் இறங்கியது. நியாயம், சீர்திருத்தம் எதுவும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஓடட்டும், இன்னும் கொஞ்சம் என்று இருந்தேன். அந்தப் பாட்டு மறுமுனையில் அக்கா காதிலும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. வந்த பிறகும் உடனே அழுத்தினேனா என்றால், இல்லை.

தலைவி எழுந்து நின்றார். வயதானவர், மெதுவாகத்தான் பேசுவார். "அந்தம்மா இன்னும் லைன்ல இருக்காங்களா, பாருங்க" என்றார்.

'நம்மதில்ல' தடுமாறி வேறு எதையோ அழுத்தி, பிறகு சரியானதை அழுத்தினார். பாட்டு நின்றது. மேலே போனும் நின்றது.

"ஹலோ. அம்மா. லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்" என்றாள் அக்கா. "அன்னைக்கு நான் வெச்சுட்டு வெச்சுட்டு அடிச்சேன். இன்னைக்கு வைக்கல. விலாசம் மறுபடியும் சொல்லணுமா சார்?"

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மாவு மில், ரெண்டாவது சந்து, பச்சை கேட், அவர் அறிக்கையிலேயே அவர் கையால் எழுதின விலாசம். கையிலிருந்த தாளை மறுபடி புரட்டினார்.

"கேக்குறாங்கல்ல, பதில் சொல்லுங்க" என்றார் தலைவி. அந்த அறிக்கையைப் படித்து நம்பியவர் அவர். "மறுபடி சொல்லணுமா, வேண்டாமா?"

"வேண்டாம்மா" என்றார் அவர் ஒலிவாங்கியில். "விலாசம் தெளிவா இருக்கு."

கேமராக்கள் அதை எடுத்துக்கொண்டன.

எனக்கு அன்று மதியமே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அது வரும் என்று தெரிந்துதான் செய்தேன். அவருக்கு என்ன வந்தது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. தலைவர் பதவி இல்லை, வேறு பதவியும் இல்லை, மறு உத்தரவு வரும்வரை 'காத்திருப்பில்' வைத்திருக்கிறார்கள். அந்த வார்த்தையை நான் அலுவலகத்தில் இரண்டு முறை சத்தமாகப் படித்தேன்.

ஆனால் விழாவன்று மாலை அக்கா வீட்டுப் படியேறியபோது எனக்குக் கால் கூசியது. செய்தியில் அது மூன்றாவது முறையாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒலியைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கட் பண்றேன்னு சொன்னியே."

"மறந்துட்டேன்க்கா."

"நீயா மறந்த? நல்லா ரசிச்சுக் கேட்டுட்டு இருந்திருப்ப."

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"நானும்தான்டி" என்றாள். "பாட்டு வந்ததும் முதல்ல போனை வெச்சிடலாம்னு பாத்தேன். அப்புறம், இது அந்த ஆள் காதுலயும் விழுதுல்ல, அத்தனை பேர் முன்னாடி விழுதுல்லன்னு நினைச்சேன். நின்னு முழுசா கேட்டேன்."

மேசைமேல் அவள் போன் அதிர்ந்தது. திரையில் மாமியார் பெயர். செய்தி அங்கேயும் போய்விட்டது. அக்கா கை பழக்கத்தில் நீண்டது. பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடுக்கலையாக்கா?"

"எடுப்பேன்" என்றாள். "கொஞ்ச நேரம் லைன்ல இருக்கட்டும்."