தூக்க முடிந்த எடை

கிரில் பட்டறைக்காரரின் மனைவி எடை குறையக் குறைய, தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருந்த கழுகு மாடிக்கு மாடி நகர்ந்து அவர்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. முதலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கழுகு தன்னால் தூக்க முடியாததைத் தொடாது. அந்த விஷயத்தில் மனிதர்களைவிட அதற்கு நிதானம் அதிகம். இறக்கையையும் வீணாக அடிக்காது. வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று மேலே கிளம்பும்வரை இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே போய்விட்டால் கீழே ஓடும் எலிக்கு மீசை நரைத்திருக்கிறதா என்பது வரை பார்த்துவிடும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை உயரம் இருந்த இந்தக் கழுகுக்கு எலிகளிடம் வேலை இல்லை. மாடியில் துணி உலர்த்த வரும் அந்த அம்மாளைத்தான் அது கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டிருந்தது.

அவளுடைய நோய்க்கு ஒவ்வொரு டாக்டரும் ஒரு பெயர் சொன்னார். சாப்பாடு இறங்கியது, உடம்பில் ஒட்டவில்லை. மோதிரம் விரலில் நிற்கவில்லை. பிறகு வளையல்கள் முழங்கையைத் தாண்டின. பிறகு, அவள் படுத்தால் கிறீச்சிடுவதைக் கட்டில் நிறுத்திக்கொண்டது. கறிக்கடை வைத்திருந்த அவளுடைய அண்ணன் பார்க்க வந்தார். வாங்கும் ஆட்டை இடுப்போடு ஒரு தூக்குத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. விளையாட்டாகத் தங்கையையும் அப்படித் தூக்கினார். இறக்கிவிட்டபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னண்ணே, தேறுவேனா?" என்றாள் அவள்.

"போடி, உன்னை வாங்கினா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். வெறும் எலும்பு," என்று சிரித்தார். வாசலுக்கு வந்ததும் செருப்பைத் தேடுகிறவர்போல் குனிந்துகொண்டு, "மாப்ள, தங்கச்சியை மாடிக்கு விடாதீங்க. அது பக்கத்து வீட்டுக்கு வந்துடுச்சு," என்றார்.

பட்டறைக்காரருக்குத் தெரிந்தது இரும்பு ஒன்றுதான். எல்லா ஜன்னலுக்கும் இரட்டைக் கம்பி போட்டார். கழுகு அந்தக் கம்பியிலேயே வந்து உட்கார்ந்து அலகைத் தீட்டியது. அப்போதுதான் அவருக்குப் பறவையைத் தடுப்பதைவிட மனைவியைக் கனமாக்குவது சுலபம் என்று பட்டது. பட்டைக் கம்பியை வளைத்து இடுப்புக்கு ஒரு வளையமும் கணுக்காலுக்கு இரண்டும் அடித்து, தோல் உரசாமலிருக்க உள்ளே பழைய போர்வையைச் சுற்றினார். அவள் அதை மாட்டிக்கொண்டு நடந்ததும் கழுகு இரண்டு வீடு பின்வாங்கியது. அன்று பட்டறைக்காரர் குறட்டை விட்டுத் தூங்கியதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் இரும்பைச் சுமப்பதிலேயே அவள் உடம்பு இன்னும் கரைந்தது. கழுகு ஒரு மாடி முன்னால் வரும். அவர் ஒரு வளையம் கூட்டுவார். அது பின்னால் போகும். அவள் இன்னும் இளைப்பாள். மழைக்காலம் முழுக்க இந்தப் பந்தயம் நடந்தது. கடைசியில் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே முடியாமல் போயிற்று.

"ஏங்க, அது என்னை மேலே கொண்டுபோகுதோ இல்லையோ, நீங்க என்னை மண்ணுக்குள்ள இறக்கிடுவீங்க போலிருக்கு. கழட்டுங்க."

"கழட்டினா தூக்கிடும்மா."

"தூக்கட்டும். அதுவரைக்கும் கொஞ்ச நேரம் வெயில்ல உட்கார்ந்துக்கிறேன்."

அவர் கெஞ்சினார். சாமான்களை எட்டி உதைத்தார். வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். பிறகு ஒவ்வொன்றாக அறுத்துக் கழற்றினார். படிகளில் அவள் பாதம் பட்டும் படாமலும் ஏறிப் போனாள். பின்னாலேயே போன பட்டறைக்காரர், மாடியில் அவள் உட்கார்ந்ததும் தானும் உட்கார்ந்து அவளுடைய ஒரு காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெண்டாட்டி காலைப் பிடித்த மனிதனைத் தெருவே நின்று பார்த்தது. அவர் வெட்கப்படவில்லை.

காற்று சூடானதும் கழுகு கிளம்பி இரண்டு சுற்றுச் சுற்றியது. இறக்கையை மடக்கிக் கல்லைப்போல் விழுந்து, கடைசி நொடியில் கால்களை முன்னே நீட்டி, அவள் தோளைக் கவ்வியது. அவள் எழும்பினாள். அவளைத் தொடர்ந்து அவரும் எழும்பினார். கீழே மச்சான் கத்தியும் கையுமாக ஓடிவந்தார்.

"விட்டுடாதீங்க மாப்ள!"

"விட்டா நான்தான் மச்சான் விழுவேன்!"

அவளைக் கழுகு சரியாகத்தான் எடை போட்டிருந்தது. அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. கழுகின் பிடி பாரம் இழுக்க இழுக்க இறுகுகிற பிடி; உள்ளிருக்கும் நரம்பு பல்சக்கரத்தில் மாட்டிய சங்கிலிபோல் பூட்டிக்கொள்ளும், பாரம் தளர்ந்தால்தான் விடும். அவரோ தளர்வதாக இல்லை. அடுத்த தெரு வரை மூன்று பேரும் தள்ளாடிப் போய், திரும்பி, பட்டறையின் தகரக் கூரையில் இறங்கினார்கள். இறங்கிய பிறகும் அந்த நகங்கள் திறக்கவில்லை; பூட்டு உள்ளேயே கெட்டுப்போயிருந்தது. மச்சான் கூரையேறி வந்து கத்தியை ஓங்கினார்.

"வேணாண்ணே," என்றாள் அவள். "மாசக்கணக்கா என்கிட்டேருந்து ஏதோ ஒழுகிட்டே இருந்துச்சு. இது பிடிச்சதும் நின்னுடுச்சு."

டாக்டர் நகங்களைச் சுற்றி மருந்து வைத்துக் கட்டி, அடுத்த மாதம் இருவரையும் அழைத்து வரச் சொன்னார். அவள் அதற்குமேல் இளைக்கவில்லை, தேறவுமில்லை. பட்டறைக்காரர் கட்டில் தலைமாட்டில் கழுகு சாய்ந்துகொள்ள ஒரு கம்பி வைத்தார். மச்சான் கடையிலிருந்து தினமும் ஈரல் வந்தது. அவள் ஊட்டினால் மட்டும் அது தின்றது.

இப்படி வருஷங்கள் போயின. கழுகைக் குற்றம் சொல்ல முடியாது, வெயில் ஏறிக் காற்று கிளம்பினால் இறக்கை தானாக விரிகிறது. கட்டில் நான்கு விரல் உயரம் எழும்பும். பட்டறைக்காரர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கால்மாட்டில் உட்காருவார், இறங்கிவிடும். அதனால் அவர் வெளியூர் வேலை எதையும் ஒப்புக்கொண்டதில்லை. வயதாகி, உடம்பு வற்றி, இப்போது அவர் ஒருவர் உட்கார்ந்தால் போதுவதில்லை. தெருவில் முறை வைத்து இரண்டு பேர் வருகிறார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளிடம் பிள்ளைகளின் படிப்பையும் மருமகள்களின் வாயையும் பற்றிப் பேசுகிறார்கள். காற்று தணிந்ததும், "வரட்டுமாக்கா" என்று எழுந்து அவரவர் வேலைக்குப் போகிறார்கள்.