ஐந்தாம் முறை நடப்பட இருந்த இலுப்பை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மனிதர்கள், ஆடு மாடுகள், பறவைகள் யாவருக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது: இயற்கை திரும்பி வந்துவிட்டது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பார்க்கலாம். செவ்வாய் விடுமுறை.

அது வந்து இறங்கிய இடம் பழைய நர்சரி இருந்த நாலு ஏக்கர். நாற்பதாயிரம் கன்றுகள் நின்ற மண்ணை ஜேசிபி விட்டுச் சமன்செய்து, புல்லைப் பாய்போல விரித்து, சிமெண்டில் ஒரு மானையும் நிறுத்தி, பசுமை மீட்புக் குழுவினர் இயற்கையை மீட்டிருந்தார்கள். யாரிடமிருந்து மீட்டார்கள் என்றுதான் நூர்பானுவுக்கு விளங்கவில்லை. அந்த நர்சரியில் பதினோரு வருஷம் பையில் மண் நிரப்பியவள் அவள்.

வாசலையொட்டிய இலுப்பைக் கன்றிடம் நேராகப் போனாள். அவள் விதை ஊன்றியது. நர்சரியில் மிஞ்சிய ஒரே கன்று. இடுப்பு உயரம்தான். அதன் முன்னால் நாலு கல்வெட்டுகள். நாலிலும் ‘திருக்கரங்களால் நடப்பட்டது’. பெயரும் தேதியும்தான் வேறு வேறு. கன்றின் இலைகள் மஞ்சளாகிச் சுருண்டிருந்தன.

விரலால் மண்ணைக் கிளறினாள். கன்று வளர்ந்த கறுப்பு நர்சரிப் பை வேரைச் சுற்றி அப்படியே இருந்தது.

“யக்கா, தொடக் கூடாது. போர்டப் பாக்கலியா?” விசிலோடு ஓடி வந்தான் வாட்ச்மேன் லிங்கேஸ்வரன். அதே நர்சரியில் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டவன்.

“ஏலே லிங்கேசு, எம்புட்டு போர்டுலே! செடியவிட அதுதான் தழைச்சு நிக்குது. பையக் கிழிக்காம எவன்லே நட்டான்?”

“கிழிச்சா எப்படிப் புடுங்குறது?” குரலைத் தாழ்த்தினான். “ஒவ்வொரு பெரிய மனுசரு வரும்போதும் இதப் புடுங்கி, திரும்ப நடச் சொல்லுவோம். நாளைக்கு அஞ்சாவது ஆளு வாராவ. குழி இங்கதான் இருக்கணுமாம். போட்டோவுல பின்னால மலை விழுதுல்லா.”

“வேரு பைக்குள்ளயே சுத்திக் கெடக்கு. இன்னொரு தடவ புடுங்குனா செத்துரும்லே.”

“எனக்குத் தெரியாதா? கமிட்டில சொன்னேன். ‘செத்தா பிளாஸ்டிக்ல ஒண்ணு வச்சிரலாம், தண்ணி மிச்சம்’னாவ.”

நூர்பானு பர்ஸிலிருந்து அரை பிளேடை எடுத்தாள். நர்சரியை மூடிய பிறகும் அது அவளோடுதான் திரிகிறது.

“யக்கா, என் வேலை போயிரும்.”

“நீ செத்த நேரம் அந்தப் பக்கம் பாரு.”

பார்த்தான். தூரத்தில் சும்மா நடந்துபோன கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகளைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து விசில் ஊதினான். ஊதிக்கொண்டே இருந்தான்.

அவள் கன்றைத் தூக்கி, பையை நீளவாக்கில் கிழித்து, சுருண்ட வேர்களைப் பிரித்துவிட்டுக் குழியில் இறக்கினாள். புல்மேல் நின்றே மண்ணை மிதித்து இறுக்கினாள். அதற்கும் ஒரு போர்டு இருந்தது. ஹோஸை லிங்கேஸ்வரனே இழுத்து வந்தான்.

“நாளைக்கு யாரு செஞ்சான்னு கேட்டா?”

“நூர்பானுன்னு சொல்லு. சுந்தரபாண்டியம், ரேஷன் கடைக்கு எதுத்தாப்ல. கல்வெட்டு வைக்கிறதா இருந்தா பேரத் தப்பில்லாம வெட்டச் சொல்லு.”

கிழிந்த பையை நாலாவது கல்வெட்டின்மேல் காயப் போட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, பை இல்லாத கன்றைப் பிடுங்கினால் ஈர மண் முழுதும் விருந்தினரின் வெள்ளை வேட்டியில்தான் உதிரும் என்று லிங்கேஸ்வரன் குழுவிடம் பணிவோடு தெரிவித்தான்.

விருந்தினர் கல்வெட்டை மட்டும் நட்டுவிட்டுப் போனார்.