சூளைக்குள் ஒரு முகம்

சூளையைத் திறக்க இன்னும் அரைமணி நேரம்தான் இருந்தது. வாசுகி சூளைக் கதவையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

பெண்ணாடத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரருக்கு இத்தாலி அரண்மனை மேல் ஆசை வந்துவிட்டது. ஆசைக்கென்ன, யாருக்கும் வரலாம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே சுவரில் தீட்டிய காதல் கதைகளை டைல்ஸில் வரைந்து தரச் சொல்லி, விருத்தாசலத்தில் வாசுகி வேலை பார்க்கும் செராமிக் பட்டறைக்குப் போனில் படம் அனுப்பியிருந்தார். சைக்கி என்றொரு பெண். அவள் புருஷன் கியூப்பிட், அந்த நாட்டு மன்மதன். இருட்டில்தான் வருவான், முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை வேறு. ஒருநாள் அவன் தூங்கும்போது அவள் விளக்கை ஏந்திப் பார்த்துவிடுகிறாள். அந்தக் காட்சிதான் நடு டைல்.

போனில் வந்த படத்தில் தூங்குகிறவன் முகம் தெளிவாக இல்லை. வாசுகி தன் போக்கில் ஒரு முகத்தை வரைந்து, பளபளப்புப் பூச்சில் முக்கி எடுத்தாள். பூச்சு காய்ந்ததும் படம் வெள்ளைக்குள் மறைந்துபோகும். சூளையில் வெந்தால்தான் மறுபடி தெரியும். நேற்றே சூளையில் ஏற்றியாகிவிட்டது.

இன்று காலை களிமண் இறக்க வந்த மினிலாரி டிரைவர் கிளமெண்ட், யாரும் பார்க்காத நேரத்தில் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். இரண்டு வருஷமாக அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சோறும் தண்ணீரும். அவன் இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் தழும்பைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. இதே புருவத்தை, இதே தழும்பை, பாழாய்ப்போன கை டைலில் போட்டிருந்தது.

சூளையைத் திறப்பவன் அவள் அண்ணன் திருமால். சித்தப்பா மகளை விரும்பிய பையனின் காலை முறித்துப் படுக்க வைத்தவன். சூட்டோடு திறந்தால் மொத்தமும் வெடித்துவிடும் என்பதால் வாசுகியால் முந்திக்கொள்ளவும் முடியவில்லை.

திருமால் கதவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். நடு டைலை எடுத்தவன் அப்படியே நின்றான்.

“இது யாரு?”

“படத்துல அப்பிடித்தான் இருந்துச்சுண்ணா.”

“தழும்போடயா?”

“கை தவறிடுச்சு. பழுதுதான்.”

பழுதான சாமானை அதைச் செய்தவரே உடைக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். திருமால் டைலைத் தரையில் வைத்துச் சுத்தியலை நீட்டினான்.

“பழுதுன்னா ஒடை.”

உடைத்தால் கிளமெண்ட்டின் கால் தப்பும். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. சுத்தியலை ஓங்கினாள். டைலில் அவன் வாயைக் கொஞ்சம் திறந்தபடி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஓங்கிய கை இறங்கவே இல்லை.

“பழுதில்லண்ணா,” என்றாள்.

திருமால் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வாசுகி பின்னாலேயே ஓடி, பின்சீட்டில் ஏறி, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

“எறங்குடி.”

“மாட்டேன். அவர என்னா பண்றதா இருந்தாலும் என் எதிர்லயே பண்ணு. வண்டிய எடு.”