ஹோல்ட் என்றால்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஜெயசீலனுக்குச் செக்கிங் வேலை. பதினோரு வருஷத்தில் அவனுக்கு நன்றாகப் பழகிப்போன இங்கிலீஷ் வார்த்தை 'ஹோல்ட்'. தையல் பிசகிய ஜோடிமேல் சிவப்புச் சீட்டில் அதை எழுதி ஒட்டிவிட்டால், அப்புறம் யாரும் அதைத் தொடக் கூடாது.

அவன் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். எடை ஒன்றேகால் கிலோ. மனைவி நந்தினி ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் இறங்காமல் கீழ்மாடி வார்டில் கிடந்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாளாகக் கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றே மகனைப் பார்த்துக்கொண்டிருந்தான் ஜெயசீலன்.

ஆறாம் நாள் காலை, மிசோரத்துக்கார நர்ஸ் ஒருத்தி அவனை நாற்காலியில் உட்காரவைத்துத் திரையை இழுத்தாள். அவளுக்குத் தமிழ் வராது. சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினாள். பிறகு வயர்களோடு குழந்தையைத் தூக்கி அவனருகே கொண்டுவந்து, "ஹோல்ட்" என்றாள்.

ஜெயசீலனுக்குச் சிவப்புச் சீட்டுதான் நினைவுக்கு வந்தது. நீட்டிய கைகளைச் சட்டென இழுத்துக்கொண்டான். அவள் மறுபடியும் அதையே சொல்ல, நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தான்.

"எம்புள்ளைக்கு இன்னா குறை, சிஸ்டர்?"

திரைக்கு அப்பால் தன் குழந்தையோடு இருந்த முனவ்வர் பேகம்தான் பதில் சொன்னாள். வாணியம்பாடிப் பள்ளியில் டீச்சர் அவள்.

"குறை ஒண்ணும் இல்ல, தம்பி. புடிச்சிக்கச் சொல்றாங்க. நெஞ்சோட அணைச்சிக்குங்க."

மகன் அவன் மார்பில் வந்து படிந்தான். தினமும் கையிலெடுக்கும் ஒரு ஜோடி பூட்ஸின் கனம்தான். ஆனால் இது மூச்சு விட்டது. உள்ளே இதயம் அடிப்பது இவன் விலா எலும்பில் தெரிந்தது. எண்பத்தெட்டில் தடுமாறிக்கொண்டிருந்த மெஷினின் ஆக்சிஜன் எண் தொண்ணூற்று மூன்றுக்கு ஏறி, அங்கேயே நின்றது.

பார்க்க வந்த டாக்டரிடம் நர்ஸ், "ஹி இஸ் ஹோல்டிங்" என்றாள்.

பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறார்களோ என்று பயந்து, திரைப் பக்கம் பார்த்து முனவ்வர் பேகத்திடம் கேட்டான்.

"இது வேற, தம்பி. உங்க புள்ள தாக்குப் புடிக்கிறான்னு சொல்றாங்க."

ஜெயசீலன் குனிந்து பார்த்தான். அரிசி மணியளவு நகங்கள். இத்தனை சின்ன உடம்பா தாக்குப் பிடிக்கிறது? கால் மரத்துப்போயும் ஒரு மணி நேரம் அவன் அசையவே இல்லை.

கீழே இறங்கி நந்தினியிடம் போனபோது, எப்படி இருக்கான் என்று அவள் கேட்டாள். அவன் குனிந்து, பொத்தான் போட மறந்த மார்பை அவள் முகத்தருகே கொண்டுபோனான்.

அவள் கண்ணை மூடி மோந்து பார்த்தாள். "பால் வாசன வருது" என்றாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும், மேலே அந்த நாற்காலியில் அவளே போய் உட்கார்ந்தாள்.